மிச்ச ரப்பரும் சுற்று நேரமும்

கேள்வி:

திருவண்ணாமலை தாமரை நகரில் இருக்கிறேன். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் இரண்டாம் ஆண்டு. பழைய ஸ்டீயரிங் செட் ஒன்றை வாங்கி, ஐரேசிங் சிமுலேட்டரில் ஸ்டாக் கார் ஓட்டுகிறேன். கோயம்புத்தூரில் இருக்கும் என் மச்சானும் (அத்தை பையன்) ஓட்டுகிறான். சார்லட் ஓவலில் ஆளுக்கு 25 சுற்று ஓட்டி டயர்களை ஒப்பிட்டுப் பார்க்கிறோம். முடிவில் என் வலப்பக்க முன் டயரில் 81 சதவீதம் ரப்பர் மிச்சம். அவனுக்கு 88. ஆனால் முதல் பத்துச் சுற்றில் நான்தான் வேகம், கடைசிச் சுற்றுகளில் அவன். ரப்பர் அதிகம் மிஞ்சுவதால் தன் செட்டப்தான் சரி என்கிறான். ஒரு நாள் அவன் செட்டப்பை அப்படியே போட்டு நான் ஓட்டியும் 84தான் வந்தது, நேரமும் கெட்டது.

எதை வைத்துத்தான் ஒப்பிடுவது? வலப்பக்க டயரே ஏன் தேய்கிறது? மத்தியானம் ஓட்டினால் எனக்குத் தேய்மானம் கூடுகிறது. எங்கள் ஊர் வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா? டெலிமெட்ரி ஆப்புக்கு மாதச் சந்தா கட்டலாமா? நம் ஆட்கள் யாராவது நிஜ ஸ்டாக் கார் பந்தயம் ஓட்டியிருக்கிறார்களா? வீட்டில் இதனால் என்ன பிரயோசனம் என்று கேட்கிறார்கள். அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

வாசகர், திருவண்ணாமலை

பதில்:

தம்பி, இத்தனை எண்கள் எழுதியிருக்கிறீர்கள், வேண்டிய எண் மட்டும் இல்லை. 25 சுற்றையும் முடிக்க உங்களுக்கு மொத்தம் எத்தனை விநாடி ஆனது, மச்சானுக்கு எத்தனை? மிஞ்சிய ரப்பருக்கோ முதல் பத்துச் சுற்றின் வேகத்துக்கோ யாரும் கோப்பை தருவதில்லை. கூட்டுத்தொகை யாருக்குக் குறைவோ அவரே முன்னால்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். எண்கள் நானாக வைத்துக்கொண்டவை. உங்களுடைய முதல் சுற்று 30.00 விநாடி என்றும், டயர் களைக்கக் களைக்க ஒவ்வொரு சுற்றும் 0.05 விநாடி கூடுகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மச்சான் 30.30 விநாடியில் மெதுவாகத் தொடங்குகிறார். அவருக்குச் சுற்றுக்கு 0.02 விநாடிதான் கூடுகிறது. 11-வது சுற்றில் இருவருக்கும் ஒரே நேரம், 30.50. அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அவர்தான் வேகம். உங்கள் கடிதத்தில் இருப்பது இதுதான். ஆனால் 11-வது சுற்றில் அவர் உங்களை முந்திவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த நேரத்தில் அவர் 1.65 விநாடி பின்னால் இருக்கிறார், அந்த ஓட்டத்திலேயே மிகப் பெரிய இடைவெளி அதுதான். அதை அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து உங்களோடு சமமாக வருவது 21-வது சுற்றின் முடிவில். இருவருக்கும் மொத்தம் 640.5 விநாடி. 22-வது சுற்றிலிருந்துதான் அவர் முன்னால்.

ஆகவே 25 சுற்றுப் பந்தயத்தில் மச்சான் ஜெயிப்பார், 20 சுற்றில் நீங்கள். 40 சுற்றில் நடுவே மஞ்சள் கொடி (எச்சரிக்கைக் கொடி) விழுந்து எல்லோரும் பிட்டுக்கு வந்து புது டயர் மாட்டினால் மறுபடி நீங்கள். எது நல்ல செட்டப் என்று கேட்டால், எத்தனை சுற்றுக்கு என்று நான் திருப்பிக் கேட்பேன். நாஸ்கார் என்னும் நிஜ ஸ்டாக் கார் பந்தயத்தின் அணிகளில் குழுத் தலைவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வதும் இங்கேதான். அடுத்த மஞ்சள் கொடி எப்போது விழும் என்று யாருக்குத் தெரியும்?

இனி அந்த 81, 88 விவகாரம். மிச்ச ரப்பர் என்பது தடிமன். பிடிப்பு வேறு விஷயம். சூடேறிக் கெட்டுப்போன டயர் 88 சதவீதம் ரப்பரோடும் வழுக்கும். பதமான சூட்டில் இருக்கும் டயர் 75 சதவீதத்திலும் ஒட்டும். இன்னொன்று, தடிமன் குறைந்த ரப்பரில் சூடு தேங்குவதும் குறைவு. அதனால் சில ஓடுதளங்களில் கொஞ்சம் தேய்ந்த டயர் புது டயரைவிட அமைதியாக நடந்துகொள்ளும். பந்தய டயர் பிறவியிலேயே மொட்டை டயர், கோடு, பட்டை எதுவும் கிடையாது. ஸ்டாக் கார் டயரின் முகத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். பிட்டில் டயரைக் கழற்றியதும் அந்தக் குழிகளின் ஆழத்தை அளந்துதான் எவ்வளவு தேய்ந்தது என்று குறித்துக்கொள்கிறார்கள். உங்கள் திரையில் வரும் சதவீதம் அந்த அளவைக்கு ஈடானது.

ஒரு டயருக்கு ஒரே சதவீதம் எழுதியிருக்கிறீர்கள். திரையில் மூன்று இருக்குமே: உள் ஓரம், நடு, வெளி ஓரம். நீங்கள் எழுதிய 81 எந்த இடத்தில் எடுத்தது? அவருடைய 88 நடுவில் எடுத்ததாக இருந்து, உங்களுடையது ஓரத்தில் எடுத்ததாக இருந்தால் ஒப்பிடுவதற்கே எதுவும் இல்லை. மூன்றில் எது மிகக் குறைவோ அதைத்தான் எடுக்க வேண்டும். டயர் முடிவது அங்கேதான்.

மூன்று இடத்து வெப்பநிலையும் அப்படியே. உங்கள் ஊர் பைபாஸ் ஓரம் லாரி டயர் பார்க்கும் கடை ஒன்றுக்குப் போய் ஓரமாக நின்று பாருங்கள். கழற்றிப்போட்ட டயரைப் பார்த்த மாத்திரத்தில் கடைக்காரர் சொல்லிவிடுவார். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு, ஒரே ஓரம் என்றால் அலைன்மென்ட் சரியில்லை. சிமுலேட்டர் காட்டும் மூன்று எண்களையும் இதே கண்ணோடு படியுங்கள். நடு அதிகச் சூடா? அழுத்தத்தை ஒரே ஒரு பிஎஸ்ஐ இறக்கிப் பாருங்கள். உள் ஓரம் மட்டும் கொதிக்கிறதா? கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, அதிகம். பந்தய வண்டியில் மூன்றும் சரிசமமாக இருக்காது, இருக்கவும் வேண்டாம். வலப்பக்க முன் சக்கரத்தின் தலையை உள்பக்கமாகச் சாய்த்து வைத்திருப்பதால் உள் ஓரம் கொஞ்சம் கூடுதலாகச் சுடுவது இயல்பு. எவ்வளவு கூடுதல் என்பதுதான் கேள்வி.

வலப்பக்கம் ஏன் என்று கேட்டீர்கள். கிரிவலம் போகிறவருக்கு மலை எப்போதும் வலக்கைப் பக்கம். ஸ்டாக் கார் ஓவல் பந்தயம் அதற்கு நேர் எதிர்த்திசை. நடு மைதானம் இடக்கைப் பக்கம், திருப்பமெல்லாம் இடப்பக்கத் திருப்பம். இடப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் வெளியே, அதாவது வலப்பக்கம் சாய்கிறது. சார்லட் ஓவல் ஒன்றரை மைல், ஏறக்குறைய 2.4 கிலோமீட்டர். திருப்பங்களில் தளம் 24 டிகிரி சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வு இருப்பதால்தான் அவ்வளவு வேகத்தில் திரும்ப முடிகிறது. அந்த வேகமே வலப்பக்க டயர்களை அழுத்தி நசுக்கவும் செய்கிறது. அதனால்தான் குட்இயர் நிறுவனம் இந்த வண்டிகளுக்கு இடப்பக்கத்துக்கு ஒரு ரப்பர் கலவையும் வலப்பக்கத்துக்கு வேறு கலவையும் கொடுக்கிறது. வலப்பக்கத்தில் காற்றழுத்தமும் கூடுதலாக இருக்கும்.

வலப்பக்கத்திலும் முன் டயர் முதலில் போனால் ஒரு அர்த்தம், பின் டயர் போனால் வேறு அர்த்தம். முன் டயர் போகிறது என்றால் வண்டி டைட். ஸ்டீயரிங்கைத் திருப்பியும் மூக்கு திரும்பாமல் வெளியே தள்ளிக்கொண்டு போகிறது. பின் டயர் போகிறது என்றால் லூஸ். திருப்பத்திலிருந்து வெளியேறும்போது ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பின்பக்கம் விலகுகிறது, சக்கரம் வெறுமனே சுழன்று ரப்பரைச் சீவுகிறது. உங்களுடையது முதல் வகை. அப்படியானால் மச்சானின் செட்டப்பைப் போட்டும் ஏன் 88 வரவில்லை என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. குறை ஸ்டீயரிங் பிடித்த கையில்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். இது எல்லோருக்கும் நடப்பது, காரணத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். திருப்பத்தில் டயர் பார்க்கும் திசை ஒன்று, அது உண்மையில் நகரும் திசை கொஞ்சம் வேறு. இரண்டுக்கும் நடுவே உள்ள சிறு கோணத்தைச் சறுக்குக் கோணம் என்று வைத்துக்கொள்வோம். கோணம் கூடக்கூடப் பிடிப்பும் கூடும், ஆனால் ஓர் உச்சம் வரைதான். பந்தய டயருக்குச் சில டிகிரியிலேயே அந்த உச்சம் வந்துவிடும். அதைத் தாண்டி ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் பிடிப்பு கூடாது, குறையத்தான் செய்யும். ஆனால் தளத்தின் மீது ரப்பர் உரசும் தூரம் கூடிக்கொண்டே போகும். உரசல் கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் பிடிப்பு குறையும், பிடிப்பு குறைந்தால் நீங்கள் இன்னும் திருப்புவீர்கள். அரை டிகிரி, ஒரு டிகிரி என்று கையில் தெரியாத அளவில் தொடங்கும் இந்த வட்டம்தான் 25 சுற்று முடிவில் உங்கள் 81.

டெல்ஃப்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹான்ஸ் பசேக்கா இந்த ஏற்ற இறக்கத்தை ஒரு சூத்திரத்தில் அடக்கிக் காட்டினார். 'மேஜிக் ஃபார்முலா' என்றே அதற்குப் பெயர், பல சிமுலேட்டர்களின் அடித்தளம் அதுதான். சோதனை எந்திரத்தில் டயரை ஓட்டி அளந்து, அந்த வளைகோட்டுக்குப் பொருந்தும் எண்களைப் போடுகிற முறை அது. உங்கள் ஐரேசிங்கின் கர்த்தாக்களில் ஒருவரான டேவிட் கேமர் வேறு வழியில் போனார். ரப்பர், அதன் சூடு, சட்டகம் ஆகியவற்றின் இயற்பியலிலிருந்தே டயரைக் கட்ட முயன்றார். இவர் முன்பு பாப்பிரஸ் என்ற நிறுவனத்தில் இருந்தவர். அங்கிருந்து 2003-ல் வந்த நாஸ்கார் விளையாட்டை இன்றும் விடாமல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த வழியில் போனாலும் உச்சத்தைத் தாண்டித் திருப்புகிறவருக்குத் தண்டனை ஒன்றுதான்.

மச்சான் என்ன செய்கிறார் தெரியுமா? அவரை நான் பார்த்ததில்லை, ஆனாலும் ஊகிக்கலாம். திருப்பத்துக்கு முன்பே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறார், மூக்கு திரும்பக் காத்திருக்கிறார், பிறகு மெதுவாக மிதிக்கிறார். என் கணக்கில் முதல் சுற்றில் அவர் 0.30 விநாடி இழப்பது அங்கேதான். இதை அவருடைய செட்டப் கோப்பில் தேடினால் கிடைக்காது. ஒருவர் ஓட்டியதை மற்றவர் ரீப்ளேயில் போட்டு, மூன்றாம் திருப்பத்தில் ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது, கால் எந்த இடத்தில் எழும்புகிறது என்று மட்டும் பாருங்கள்.

சரி, ஓட்டுகிறவர் ஒருவரே, செட்டப் ஒன்றே, டயர் ஒன்றே என்று வைத்துக்கொண்டாலும் முடிவு மாறலாம். 2024-ல் நாஸ்காரின் பிரிஸ்டல் பந்தயங்களில் நடந்ததைப் படித்திருப்பீர்கள். அரை மைல் கான்கிரீட் ஓவல் அது. மார்ச் 17 பந்தயத்தில் டயர்கள் படுவேகமாகத் தேய்ந்தன. ஐம்பது சுற்றைத் தாண்டுவதே பெரும்பாடு. உரிந்த ரப்பர் தளத்தில் ஒட்டாமல் உருண்டை உருண்டையாக ஓரத்தில் குவிந்தது. அணிகளுக்கு இன்னொரு செட் டயர் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஓட்டுநர்கள் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டி ரப்பரைச் சேமித்தார்கள். முன்னணி 54 முறை கைமாறியது. டென்னி ஹாம்லின் ஜெயித்தார். அதே டயரைச் செப்டம்பரில் அதே தளத்துக்குக் கொண்டுவந்தார்கள். மார்ச்சைவிடச் சூடான நாள். ரப்பர் தளத்தில் ஒட்டிப் படிந்தது, தேய்மானம் ஏறக்குறைய காணாமலே போயிற்று. கைல் லார்சன் 500 சுற்றில் 462 சுற்று முன்னணியில் ஓடிவிட்டார். குட்இயரும் அணிகளும் கையில் வைத்திருக்கும் அத்தனை கருவிகளோடும் நிகழ்ந்தது இது. எனக்கு மார்ச் பந்தயம்தான் பிடித்தது. செப்டம்பர் பந்தயத்தைப் பார்த்தவர்கள் பாதியில் தூங்கியிருப்பார்கள்.

உங்கள் சிமுலேட்டரிலும் தளத்தின் சூடும், அதன்மீது படிந்த ரப்பரும் மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் வெறும் தளத்தில் ஓட்டி, மச்சான் ஏற்கெனவே ரப்பர் படிந்த தளத்தில் ஓட்டியிருந்தால் 81-க்கும் 88-க்கும் இடையிலான ஏழு சதவீதத்தில் பாதி அங்கேயே போயிருக்கலாம். எனவே சோதனை ஓட்டத்தில் வானிலையை நிலையாக வைத்து, நேரத்தையும் தளத்தின் ரப்பர் அளவையும் இருவரும் ஒன்றாக வையுங்கள். பெட்ரோலும் ஒரே அளவு. முழுத் தொட்டியின் எடை 50 கிலோவுக்கு மேல். எரிய எரிய வண்டி இலேசாகி வேகம் கூடும், அந்த வேகம் டயரின் களைப்பை மறைத்துவிடும். ஒருவர் பாதித் தொட்டியோடும் ஒருவர் முழுத் தொட்டியோடும் கிளம்பினால் நீங்கள் ஒப்பிடுவது டயரை அல்ல.

ஓட்டும் வரிசையும் முக்கியம். முதலில் உங்கள் செட்டப், அடுத்து அவருடையது, மறுபடி உங்களுடையது. இரண்டாவது தடவை உங்கள் செட்டப்பில் நேரம் நன்றாகிவிட்டால் அது உங்கள் கை பழகியதால் வந்தது. டயரின் கணக்கில் எழுதாதீர்கள். பிட்டிலிருந்து கிளம்பும் சுற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சுவரில் உரசிய சுற்று, பின்பக்கம் விலகிய சுற்று இரண்டையும் நீக்காமல் எழுதிப் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். ஒரே ஒரு சறுக்கல் அடுத்த சில சுற்றுக்கு டயரைச் சூடாக்கிவிடும், அதை மறைத்தால் கணக்கு பொய்யாகும். ஒரே செட்டப்பில் இரண்டு தடவை ஓட்டும்போது உங்களுக்கே 0.15 விநாடி வித்தியாசம் வருகிறது என்றால், இரண்டு செட்டப்புக்கு இடையே 0.10 விநாடி வித்தியாசத்தைப் பற்றிச் சண்டை போட ஒன்றும் இல்லை. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். காற்றையும் கேம்பரையும் சேர்த்து மாற்றிவிட்டு எதனால் சரியானது என்று என்னைக் கேட்காதீர்கள்.

பிட்டுக்குத் திரும்புவதிலும் ஒழுங்கு வேண்டும். ஒருவர் பாய்ந்து வந்து நிறுத்தி, ஒருவர் உருட்டிக்கொண்டே வந்தால் வெப்பநிலை இறங்கிவிடும், படித்த எண் ஏமாற்றும்.

மத்தியான வெயில் கேள்வி எனக்குப் பிடித்தது. உங்கள் அறையின் சூடு சிமுலேட்டர் டயருக்குத் தெரியாது. சார்லட் தளத்தின் வெப்பநிலை கணினியில் எழுதப்பட்ட எண், சித்திரை வெயிலில் அண்ணாமலைப் பாறை கொதிப்பது அதற்கு எட்டாது. ஆனாலும் நீங்கள் கவனித்தது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. வெயில் வேறு வாசல் வழியாக நுழைகிறது. உங்கள் ஸ்டீயரிங் செட்டுக்குள் மோட்டார் இருக்கிறது. திருப்பத்தில் சக்கரத்தின் இழுவையை உங்கள் கைக்குக் கொண்டுவருவது அதுதான். அறையும் சூடு, மோட்டாரும் சூடு என்றால் பல செட்களில் அந்த இழுவை மெல்ல மெல்லத் தளர்ந்துவிடும், பழைய செட்டில் சொல்லவே வேண்டாம். டயர் உச்சத்தைத் தாண்டும்போது கையில் தெரிய வேண்டிய அந்த இலேசான நழுவல் தெரியாமல் போகிறது. நீங்கள் கூடுதலாகத் திருப்புகிறீர்கள், முன் டயர் தேய்கிறது. கணினியும் சூடேறினால் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். படம் விட்டுவிட்டு வரும், கால் எடுக்கும் இடம் தவறும். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று ஓட்டிச் சோதித்துவிடலாம். மோட்டார் இருக்கும் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் மேசை மின்விசிறி ஒன்றை அதன்மேல் திருப்பிவிடுங்கள். புது செட் வாங்கும் யோசனை இப்போது வேண்டாம்.

நம் ஆட்கள் யாராவது என்றால், உண்டு. உங்கள் மச்சான் ஊர்க்காரர்தான். கோவையின் நரேன் கார்த்திகேயன் 2010-ல் அமெரிக்காவில் நாஸ்காரின் டிரக் பந்தயத் தொடரில் ஓட்டினார். நாஸ்கார் தொடரில் ஓட்டிய முதல் இந்தியர் அவர். அந்த டிரக்குகளும் ஸ்டாக் கார் வம்சம்தான், மேற்கூடு மட்டும் பிக்கப் வண்டி. அந்த ஆண்டு மார்ச் மாதம் மார்ட்டின்ஸ்வில் ஓவலில் முதல் பந்தயம், 13-வது இடம். மார்ட்டின்ஸ்வில் ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத குட்டி ஓவல். நேர்ப்பாதை தார், திருப்பம் கான்கிரீட், சாய்வு மிகக் குறைவு. சாய்வு தாங்காத பாரத்தை டயரே தாங்க வேண்டும், போதாததற்குச் சுற்றுக்கு இரண்டு முறை பலமாகப் பிரேக். ஃபார்முலா வண்டியில் வளர்ந்த ஒருவர் அந்தக் கனத்த வண்டியைக் கொண்டுபோய் முதல் பந்தயத்திலேயே 13-வதாக முடித்தது சின்ன விஷயம் இல்லை. அந்தத் தொடரின் ரசிகர்கள் ஆண்டு முடிவில் அவரையே மிகப் பிரபலமான ஓட்டுநராகத் தேர்ந்தெடுத்தார்கள். இது நம் பத்திரிகைகளில் வந்த அளவு போதாது என்பது என் நெடுநாள் குறை.

அவருடைய பெயர் டயர் வரலாற்றில் இன்னோர் இடத்திலும் வருகிறது. 2005 ஜூன் 19, இண்டியானாபோலிஸ், ஃபார்முலா 1 பந்தயம். ஓவலின் சாய்ந்த திருப்பம் ஒன்றையும் சேர்த்து வடிவமைத்த தளம் அது, ஓடும் திசை மட்டும் ஓவலுக்கு எதிர், அதாவது வலம். அதனால் பாரமெல்லாம் இடப்பக்கம். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் அந்தச் சாய்ந்த திருப்பத்தில் ரால்ஃப் ஷூமாக்கரின் இடப்பக்கப் பின் டயர் போய், வண்டி சுவரில் மோதியது. மிஷ்லின் தன் டயர்கள் அந்தத் திருப்பத்தை முழுப் பந்தயத்துக்கும் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாத நிலைக்கு வந்தது. அந்த ஆண்டு விதிப்படி பந்தயத்தின் நடுவே டயர் மாற்றவும் கூடாது. முடிவு, 20 வண்டிகளில் மிஷ்லின் மாட்டிய 14 முன்னோட்டச் சுற்றோடு பிட்டுக்குள் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் மாட்டிய ஆறே வண்டிகள் ஓடின. ஜோர்டான் அணியில் இருந்த நரேன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளி எடுத்தார். ஃபார்முலா 1-ல் இந்தியர் ஒருவர் எடுத்த முதல் புள்ளிகள் அவை. ஆறு பேர்தானே ஓடினார்கள் என்று இளக்காரமாகச் சொல்கிறவர்கள் உண்டு. கடைசிவரை ஓடித் தாங்கும் டயர் இல்லாதவர்கள் ஓடவில்லை, இருந்தவர்கள் ஓடினார்கள் என்பதுதான் என் பதில்.

மூன்று ஆண்டு கழித்து 2008 ஜூலை 27-ல் அதே இண்டியானாபோலிஸ் ஸ்டாக் கார்களையும் பழிவாங்கியது. தளத்தின் மேல்பரப்பை எந்திரத்தால் சீவியிருந்தார்கள். அணிகள் கொண்டுவந்ததோ புது வடிவ வண்டி, வலப்பக்க டயருக்கு அது கொடுத்த பாரம் அதிகம். ரப்பர் தளத்தில் படியாமல் தூளாகப் பறந்தது. பத்துப் பன்னிரண்டு சுற்றுக்கு ஒருமுறை மஞ்சள் கொடி காட்டி, எல்லோரையும் டயர் மாற்றவைத்துத்தான் பந்தயத்தை முடிக்க முடிந்தது. ஜிம்மி ஜான்சன் ஜெயித்தார், பார்த்தவர்கள் எரிச்சலோடு வீடு திரும்பினார்கள். சோதனை ஓட்டம் போதாமல் டயரைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் அந்த விளையாட்டில் இல்லை.

வீட்டுக்குச் சொல்ல வேண்டியது இதிலேயே இருக்கிறது. டயர் சோதனை என்பது சம்பளம் வாங்கிச் செய்கிற வேலை. உங்கள் ஊரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூரில் ஜேகே, தேர்வாய்க்கண்டிகையில் மிஷ்லின் என்று டயர் ஆலைகள் இருக்கின்றன. 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய எம்ஆர்எஃப் இன்று பந்தய டயரே செய்கிறது. டிப்ளமோக்காரரிடம் நேர்காணலில் சிமுலேட்டரில் எத்தனையாவது வந்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் நான்கு சக்கரம், ஒவ்வொன்றுக்கும் மூன்று எண், 25 சுற்று நேரம், தளத்தின் சூடு, ஒவ்வொரு தடவையும் மாற்றிய ஒரே ஒரு விஷயம் என்று தேதிவாரியாக எழுதிய நோட்டு ஒன்றை நீட்டினால், எதிரே இருப்பவர் வாங்கிப் புரட்டிப் பார்ப்பார். கூடவே ஒரு முறை இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்வாருங்கள். 1990 முதல் இருக்கும் சர்வதேசத் தளம், ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். பந்தய நாளில் வண்டிகளை நிறுத்தும் பகுதிப் பக்கம் நின்றால், கழற்றிய டயரின் முகத்தை ஆட்கள் தடவிப் பார்ப்பதைக் காணலாம். அது ஓவல் இல்லை, வலமும் இடமும் மாறி மாறித் திருப்பம் வரும். அதிலே எந்தப் பக்க டயர் முதலில் போகும் என்று வரைபடத்தைப் பார்த்து முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு போங்கள்.

டெலிமெட்ரி ஆப்புக்குச் சந்தா இப்போது வேண்டாம். ஓடும்போது டயரின் மிச்ச அளவை ஐரேசிங் வெளியே கொடுப்பதில்லை. பிட்டில் வந்து நிறுத்திய பிறகுதான் அந்த எண் புதுப்பிக்கப்படும், எந்த ஆப்பும் அதற்கு முன் அதைக் கறந்துவிட முடியாது. ஸ்டீயரிங் கோணத்தையும் மிதியையும் வரைபடமாகக் காட்டும் இலவசக் கருவிகளே உங்கள் தேவைக்குப் போதும். மூன்றாம் திருப்பத்தில் உங்கள் கோட்டையும் மச்சான் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள். உங்களுடையது எங்கே மேலே ஏறுகிறதோ அங்கே அடுத்த ஓட்டத்தில் காலைச் சற்று முன்னதாக எடுத்துவிட்டு, மறுபடி 25 சுற்று ஓட்டி, மொத்த விநாடியோடு எழுதுங்கள்.